முகவரி தவறும் அமிலம்

மனிதர் உண்ணும் உணவின் பெரும்பகுதி சிறுகுடலின் கடைசி முனையை எட்டுவதற்குள் சர்க்கரையாகவும் அமினோ அமிலமாகவும் கொழுப்பு அமிலமாகவும் உடைந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கலக்காமல் எஞ்சுபவற்றில் முதன்மையானவை, தாவரச் செல்களுக்குச் சுவராக இருந்த நார்ப்பொருளும், செரிமான நொதிகளின் பிடிக்கு அகப்படாமல் நழுவிவந்த மாவுச்சத்தின் ஒரு பகுதியும் ஆகும். நெடுங்காலம் மருத்துவம் இவற்றைச் சக்கை என்றும், இவை சென்று சேரும் பெருங்குடலை நீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டிப்படுத்தும் குழாய் என்றுமே கருதியது. உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணும் கிராமப்புற ஆப்பிரிக்கரிடம் பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு அந்தச் சக்கையே காரணமாகலாம் என்று 1971இல் வாதிட்ட பிறகுதான், எஞ்சியது என்ன ஆகிறது என்ற கேள்வி ஆய்வுக்கூடங்களுக்குள் வலுவாக நுழைந்தது.

விடை நொதித்தலில் இருந்தது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் எப்படி மாவுச்சத்தைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் வெளியிடுகின்றனவோ, அப்படியே பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் இல்லாத இருட்டில் நாரையும் எஞ்சிய மாவையும் உடைத்து, மூன்று சிறிய அமிலங்களை மிகுதியாக உண்டாக்குகின்றன. அவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் எனப்படும். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த ஒரு மூலக்கூறு. நல்லெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை 18 கார்பன் நீளமுடையவை. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் 12 கார்பன் நீளமுடையது. குடலில் பிறக்கும் மூன்றிலோ முறையே 2, 3, 4 கார்பன்களே உள்ளன என்பதால், அவற்றுக்குக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்ற பெயர் வந்தது.

இந்த மூன்றில் முதலாவது வினிகரின் புளிப்புக்குக் காரணமான அமிலம். மூன்றாவதான பியூட்டிரிக் அமிலத்தை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் எழேன் செவ்ரல் வெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்து, வெண்ணெய்க்குரிய லத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக்கினார். கெட்டுப்போன வெண்ணெயின் சிக்கு வாடையும் வாந்தியின் நாற்றமும் பெரிதும் இதனுடையவை. இவ்வளவு விரும்பத்தகாத மணமுள்ள ஒரு பொருள், இன்று குடல்நலத்துக்கான துணையுணவாகக் கேப்சூல்களில் அடைக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படுகிறது. அந்தக் கேப்சூல்களால் பயன் உண்டா என்பதைக் கணிக்க, அமிலம் என்ன செய்கிறது என்று அறிந்தால் மட்டும் போதாது. அது எங்கே பிறக்கிறது, எங்கே செலவாகிறது என்பதையும் அறிய வேண்டும்.

ஒரு கூட்டு உற்பத்தி

நாரை உடைத்து அமிலமாக்கும் வேலையை ஒரே வகை பாக்டீரியா முழுமையாகச் செய்வதில்லை. மாவுச்சத்தின் இறுகிய துகள்களை முதலில் பிளப்பதில் ரூமினோகாக்கஸ் புரோமியை என்ற இனம் தலைமை வகிக்கிறது. அது இல்லாத குடலில் அத்தகைய மாவின் பெரும்பகுதி உடைபடாமலேயே வெளியேறக்கூடும் என்று ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலுள்ள ரோவெட் ஆய்வு நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிளந்த துண்டுகளைத் தின்னும் பைஃபிடோபாக்டீரியாக்கள் அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளிவிடுகின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளும் வேறு சில இனங்கள் பியூட்டிரேட்டைத் தயாரிக்கின்றன. ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சியை, ரோஸ்பூரியா, யூபாக்டீரியம் ரெக்டேல் ஆகியவை இந்தக் கடைசிக் கட்டத்தின் முக்கியத் தொழிலாளிகள். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் இந்த ஏற்பாட்டைக் குறுக்கூட்டம் என்று சொல்லலாம். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசிப் பொருள் குறைந்துபோகும்.

இவ்வாறு ஒரு நாளில் உண்டாகும் குறுஞ்சங்கிலி அமிலங்களின் மொத்த அளவு, உணவைப் பொறுத்து ஏறக்குறைய 500 முதல் 600 மில்லிமோல் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. மில்லிமோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு. மூன்று அமிலங்களும் தோராயமாக 60:20:20 என்ற விகிதத்தில் காணப்படுகின்றன. பசு போன்ற அசைபோடும் விலங்கு தன் ஆற்றலில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை முன்வயிற்றில் பிறக்கும் இதே அமிலங்களிலிருந்து பெறுகிறது. மனிதருக்கோ இவை தரும் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே மனித உடலில் இவற்றின் முதன்மை, மொத்த ஆற்றலில் இவை வகிக்கும் பங்கில் இல்லை. குடலின் உட்சுவருக்கும் அங்கு வாழும் நுண்ணுயிர்களுக்கும் இடையே இவை நடத்தும் கொடுக்கல்வாங்கலில்தான் அது இருக்கிறது.

உண்டான அமிலங்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு பெருங்குடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மலத்தில் வெளியேறுவது எஞ்சிய சிறு பகுதிதான். மலத்தைப் பரிசோதித்து அதிலுள்ள பியூட்டிரேட் அளவைச் சொல்லும் வணிகச் சோதனைகளை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே. அவை அளப்பது உற்பத்தியை அன்று, உறிஞ்சப்படாமல் மிஞ்சியதை. உற்பத்தி பெருகினாலும் மிச்சம் பெருகும். உறிஞ்சுதல் குறைந்தாலும் மிச்சம் பெருகும்.

சுவரின் உணவு

பெருங்குடலின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. உடலின் பிற செல்கள் பெரும்பாலும் ரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை எரிக்கையில், இந்த மேலணிச் செல்கள் குடலுக்குள்ளிருந்து நேரடியாக வரும் பியூட்டிரேட்டையே முதல் விருப்பமாகக் கொள்கின்றன என்பதை ரோடிகர் என்ற ஆய்வாளர் 1980இல், மனிதப் பெருங்குடலிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கொண்டு காட்டினார். அவற்றின் ஆற்றல் தேவையில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை இந்த ஒரு பொருளே நிறைவுசெய்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பெருங்குடல் செல்கள் ஆற்றலுக்குத் தவித்துத் தம் உள்ளுறுப்புகளையே தின்னத் தொடங்குவதையும், பியூட்டிரேட் கொடுத்தபோது அந்தத் தன்னுண்ணல் அடங்குவதையும் 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு பதிவுசெய்தது.

பியூட்டிரேட்டை எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். மேலணிச் செல்கள் ரத்தத்திலிருந்து வரும் ஆக்சிஜனை இதற்காகச் செலவழித்துவிடுவதால், குடலின் உட்புறத்துக்கு அது கசிவதில்லை. கசியாததால், ஆக்சிஜன் பட்டால் மடியும் தன்மையுள்ள பியூட்டிரேட் உற்பத்தியாளர்கள் அங்கே வாழ முடிகிறது. நுண்ணுயிர்கள் சுவருக்கு எரிபொருள் தர, சுவர் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் இல்லாத வீட்டைக் காத்துத் தருகிறது. கலிபோர்னியாவில் ஆந்திரியாஸ் போய்ம்லரின் குழுவினர் 2017இல் வெளியிட்ட எலி ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மருந்து பியூட்டிரேட் உற்பத்தியாளர்களை அழித்ததும், செல்கள் குளுக்கோஸுக்கு மாறின. செலவாகாத ஆக்சிஜன் குடலுக்குள் கசிந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஈ. கோலை குடும்பத்து பாக்டீரியாக்கள் பெருகின.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் குடற்சுவரின் கட்டமைப்பிலும் தெரிகிறது. உட்சுவர் சமதளமாக இல்லாமல் எண்ணற்ற நுண்குழிகளாக மடிந்திருக்கிறது. ஒவ்வொரு குழியின் அடியிலும், புதுச் செல்களைத் தொடர்ந்து பெற்றெடுக்கும் மூலச்செல்கள் ஒதுங்கியிருக்கின்றன. மேற்பரப்புச் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட், அந்த மூலச்செல்களை எட்டினால் அவற்றின் பெருக்கத்தைத் தடுத்துவிடும் என்பதும், மேற்பரப்புச் செல்கள் வாசலிலேயே அதைத் தின்றுதீர்ப்பதால்தான் குழியின் அடி பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் 2016இல் எலிகளை வைத்து நிறுவப்பட்டன. ஒரே பொருள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், ஓரிடத்தில் ஊட்டமாகவும் இன்னோரிடத்தில் தடையாகவும் செயல்படுகிறது. சுவர் புண்ணாகி, மேற்பரப்புச் செல்கள் உதிர்ந்துபோன குடலில் பியூட்டிரேட்டைக் கூடுதலாகச் செலுத்தினால் நன்மையே விளையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எரிபொருளாக இருப்பதோடு இந்த அமிலங்கள் செய்தியாளர்களாகவும் வேலை செய்கின்றன. செல்களின் மேற்பரப்பில் இவற்றை அடையாளம் காணும் ஏற்பிகள் 2003இல் கண்டறியப்பட்டன. அவற்றின் வழியே, பசியைத் தணிக்கும் சில ஹார்மோன்களின் சுரப்பு தூண்டப்படுகிறது. மரபணு இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்திலிருந்து அசிட்டைல் குறிகளை நீக்கும் நொதியைப் பியூட்டிரேட் தடுக்கிறது; அதனால் இழை தளர்ந்து, மூடிக்கிடந்த சில மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. 2013இல் மூன்று தனித்தனிக் குழுக்கள் எலிகளில் செய்த ஆய்வுகள், இந்த அமிலங்கள் பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைக் காட்டின. இவை நோயெதிர்ப்புப் படை வரம்பு மீறாமல் அடக்கிவைக்கும் செல்கள். துணையுணவுச் சந்தையின் ஆர்வம் இந்தக் கண்டுபிடிப்புகளுக்குப் பிறகே சூடுபிடித்தது.

கேப்சூலின் கணக்கு

திடீரென இறந்தவர்களின் உடல்களில் ஜான் கம்மிங்ஸும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1987இல் வெளியிட்ட அளவீடு, இந்த அமிலங்களின் பயணப்பாதையைத் தெளிவாக வரைந்துகாட்டியது. குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 375 மைக்ரோமோல் இருந்த மூன்று அமிலங்களின் கூட்டளவு, கல்லீரலைக் கடந்து வெளியேறும் ரத்தத்தில் 148 ஆகவும், உடலெங்கும் ஓடும் ரத்தத்தில் 79 ஆகவும் குறைந்திருந்தது. அந்த 79இலும் பெரும்பகுதி அசிட்டேட். பியூட்டிரேட்டைக் குடற்சுவரும் மிச்சத்தைக் கல்லீரலும் எடுத்துக்கொள்வதால், அது பிறந்த இடத்துக்கு அருகிலேயே தீர்ந்துவிடும் பொருளாக இருக்கிறது.

வாய்வழியாக விழுங்கப்படும் பியூட்டிரேட்டின் இடர்ப்பாடு இதில்தான் தொடங்குகிறது. பாதுகாப்பு எதுவுமில்லாமல் உட்கொண்டால் அது இரைப்பையிலும் சிறுகுடலிலுமே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குச் சென்றுவிடும். அதை உணவாகக் கொள்ளும் பெருங்குடல் செல்கள் இன்னும் பல மீட்டர் தொலைவில் காத்திருக்கும். எனவே தயாரிப்பாளர்கள் இரைப்பை அமிலத்தில் கரையாத மேலுறை பூசிய மாத்திரை, கொழுப்புப் படலத்துக்குள் பொதிந்த நுண்துகள்கள், மூன்று பியூட்டிரேட் மூலக்கூறுகளைக் கிளிசரால் என்ற தண்டில் கோத்த டிரைபியூட்டிரின் எனப் பல உத்திகளைக் கையாள்கின்றனர். இவற்றுள் டிரைபியூட்டிரின் ஒரு கொழுப்பே என்பதால், கொழுப்பை உடைக்கும் நொதிகள் அதைச் சிறுகுடலிலேயே பிரித்துவிடக்கூடும். மேலுறை எந்த இடத்தில் கரையும் என்பதும் ஒவ்வொரு குடலின் அமிலத்தன்மையையும் நகர்வின் வேகத்தையும் பொறுத்து மாறுகிறது.

அளவின் கணக்கு இதைவிடக் கடுமையானது. நாளொன்றுக்கு 500 மில்லிமோல் அமிலம் உண்டாவதாகவும் அதில் ஐந்தில் ஒரு பங்கு பியூட்டிரேட் எனவும் கொண்டால், பெருங்குடல் தினமும் ஏறக்குறைய 9 கிராம் பியூட்டிரிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. 600 மில்லிகிராம் சோடியம் பியூட்டிரேட் உள்ள ஒரு கேப்சூலில் அந்த அமிலம் அரை கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒன்றும் வீணாகாமல் முழுமையாகப் போய்ச்சேர்ந்தாலும் அது உடலின் சொந்த உற்பத்தியில் சுமார் பதினெட்டில் ஒரு பங்குதான். மேலும், பாக்டீரியாக்கள் நாள் முழுவதும், பெருங்குடலின் நீளம் நெடுகச் சிறிது சிறிதாக விடுவிப்பதை, கேப்சூல் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கொட்டுகிறது.

வெண்ணெயும் நெய்யும் இதே கணக்குக்குள் அடங்குபவை. பால்கொழுப்பின் அமிலங்களில் 3 முதல் 4 விழுக்காடு பியூட்டிரிக் அமிலம் என்பதால், நெய் குடற்சுவருக்கு உணவூட்டும் என்ற கருத்து பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் அந்த அமிலம் அரை கிராமை ஒட்டியே இருக்கும். அதுவும் கொழுப்பின் பகுதியாகவே இருப்பதால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உடைந்து அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். நெய்யைச் சுவைக்காகச் சேர்க்கலாமே தவிர, பெருங்குடலுக்கு அனுப்பும் பொட்டலமாக அதைக் கருத முடியாது.

சோதனைகள் சொல்வது

மருத்துவர்கள் முதலில் நம்பியது விழுங்கும் மாத்திரையை அன்று. அமிலத்தை நேரடியாகப் பெருங்குடலுக்குள் செலுத்தும் எனிமாவைத்தான். அறுவைச் சிகிச்சையால் உணவுப் பாதையிலிருந்து விலக்கிவைக்கப்பட்ட பெருங்குடல் பகுதி, உணவு எதுவும் வராமலேயே நாளடைவில் அழற்சி கொள்வதுண்டு. அந்தப் பகுதிக்குள் குறுஞ்சங்கிலி அமிலக் கரைசலைச் செலுத்தியபோது நான்கு நோயாளிகளிடம் அழற்சி தணிந்ததாக ஹாரிக்கும் சக மருத்துவர்களும் 1989இல் அறிவித்தனர். எரிபொருள் இன்றி வாடிய சுவர் எரிபொருள் கிடைத்ததும் தேறியது என்ற விளக்கம் அழகாகப் பொருந்தியது. ஆனால் 1991இல், 13 பேரை வைத்து, உண்மைக் கரைசலையும் மருந்துப்போலியையும் ஒப்பிட்டு இரண்டு வாரம் நடத்தப்பட்ட சோதனையில் வேறுபாடு தென்படவில்லை. மருந்துப்போலி என்பது மருந்தின் தோற்றம் மட்டும் கொண்ட, மருந்தில்லாத பொருள்.

புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சியிலும் இதே கதை திரும்பியது. 1992இல் பத்துப் பேரிடம் பியூட்டிரேட் எனிமா தந்த நல்ல பலன், 1997இல் 103 பேரைக் கொண்ட பெரிய சோதனையில் மங்கியது. அமிலக் கரைசல் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினரும் போலிக் கரைசல் பெற்றவர்களில் 20 விழுக்காட்டினரும் தேறினர் என்றாலும், அந்த இடைவெளி தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் ஒதுக்கிவிடவில்லை. நோய் கிளர்ந்து அதிக நாள் ஆகாதவர்களிடம் மட்டும் பலன் தெளிவாக இருந்தது.

விழுங்கும் வடிவத்துக்கான சான்றுகள் இன்னும் சிதறலானவை. கிரோன் நோய் என்ற குடல் அழற்சியுள்ள 13 பேருக்கு மேலுறையிட்ட பியூட்டிரேட்டை நாளுக்கு 4 கிராம் வீதம் எட்டு வாரம் தந்த இத்தாலிய ஆய்வில் (2005) ஒன்பது பேர் முன்னேறினர். ஆனால் ஒப்பிட மருந்துப்போலிக் குழு அங்கே இல்லை. குடல் அழற்சி நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 72 குழந்தைகளையும் பதின்வயதினரையும் வைத்து மருந்துப்போலியுடன் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத் தரப்பட்ட சோடியம் பியூட்டிரேட் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. குடல் புண்ணோ அழற்சியோ இல்லாமல் வலியும் மலப்போக்கு மாற்றமும் மட்டும் இருக்கும் எரிச்சல் குடல் நோயில், நுண்ணுறையிட்ட பியூட்டிரேட் வலியின் தடவைகளைக் குறைத்ததாகப் போலந்தில் 66 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு சோதனை (2013) சொல்கிறது. துணையுணவுக்குச் சாதகமான சான்றுகளில் இது குறிப்பிடத்தக்கது என்றாலும் அளவில் சிறியது.

எலிகளிடம் கண்டது மனிதரிடம் எவ்வளவு தூரம் மாறுபடக்கூடும் என்பதற்கு, நெதர்லாந்தில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 23 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிடப்பட்ட சோதனை தக்க எடுத்துக்காட்டு. விலங்குகளில் பியூட்டிரேட் ரத்த அழுத்தத்தைக் குறைத்திருந்ததால் அதே பலன் எதிர்பார்க்கப்பட்டது. நான்கு வாரம் சோடியம் பியூட்டிரேட் உட்கொண்டவர்களின் பகல்நேர ரத்த அழுத்தமோ, மருந்துப்போலி பெற்றவர்களோடு ஒப்பிடக் கூடிப்போயிருந்தது. குடலில் பிறந்து குடலில் தீரும் பொருள் வேறு வழியில் ரத்தத்துக்குள் புகும்போது, அதன் நடத்தையும் வேறாகலாம். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துணையுணவுகள் விற்பனைக்கு வருமுன் பலனை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

வேலூரில் ஒரு விடை

அமிலத்தை அனுப்புவதற்குப் பதிலாக அதன் மூலப்பொருளை அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான விடைகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குடலியல் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணா, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோர் அடங்கிய குழு எடுத்துக்கொண்ட நோய் காலரா.

காலரா நச்சு சிறுகுடல் செல்களில் சுழற்சி ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருளை மிகையாக்கி, உப்பையும் நீரையும் வெள்ளமாக வெளியேற்றுகிறது. உப்பும் குளுக்கோஸும் கலந்த உயிர்காக்கும் கரைசல், சிறுகுடலில் கெடாமல் எஞ்சியிருக்கும் ஓர் உறிஞ்சு வழியைப் பயன்படுத்தி இழந்த நீரை ஈடுசெய்கிறது. ஆயினும் வயிற்றுப்போக்கின் அளவையோ நாட்களையோ அது பெரிதாகக் குறைப்பதில்லை. பெருங்குடலில் வேறொரு வழி திறந்திருந்தது. குறுஞ்சங்கிலி அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் அதன் பின்னே நீரையும் இழுத்துச் செல்கின்றன. இந்த இழுப்பைச் சுழற்சி ஏஎம்பி தடுப்பதில்லை. ஆகவே சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து நொதிக்கக்கூடிய மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், நோயாளியின் சொந்த பாக்டீரியாக்களே மருந்தைத் தயாரித்துவிடும் என்பது குழுவின் எதிர்பார்ப்பு.

வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களுமாக 48 காலரா நோயாளிகள் மூன்று சமக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசலும், மற்றொன்றுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு சேர்த்த கரைசலும், மூன்றாவதற்கு லிட்டருக்கு 50 கிராம் அமைலோஸ் மிகுந்த சோளமாவு சேர்த்த கரைசலும் தரப்பட்டன. அமைலோஸ் என்பது மாவுச்சத்தின் கிளைகளற்ற நேர்ச்சங்கிலி வடிவம். நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நொதிகளுக்கு எளிதில் மசியாது. வயிற்றுப்போக்கு நீடித்த சராசரி நேரம் வழக்கமான கரைசலில் 90.9 மணியாகவும், அரிசிமாவுக் கரைசலில் 70.8 மணியாகவும், அமைலோஸ் மாவுக் கரைசலில் 56.7 மணியாகவும் இருந்ததென்று 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கட்டுரை தெரிவித்தது. கரைசலில் பியூட்டிரேட் ஒரு துளியும் இல்லை. அது வேண்டிய இடத்தில், வேண்டிய வேகத்தில் பிறந்தது.

சுமந்துசெல்லும் மாவு

இந்தச் சிந்தனையை இன்னொரு படி எடுத்துச்சென்றவர்கள், நாரின் மீதே அமிலத்தை வேதிப்பிணைப்பால் ஏற்றி அனுப்பினர். பிணைப்பை உடைக்கும் நொதிகள் மனிதரிடம் போதிய அளவில் இல்லாததால் சரக்கு பெருங்குடல்வரை இறங்காமல் வந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் இறக்கப்படுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கேரி ஃப்ராஸ்டும் சக ஆய்வாளர்களும் இன்யூலின் என்ற நாரில் புரோப்பியோனேட்டை ஏற்றி, மிகை எடையுள்ள 60 பேரிடம் நாளுக்கு 10 கிராம் வீதம் 24 வாரம் சோதித்தபோது, எடை கூடுவது கட்டுப்பட்டதாக 2015இல் தெரிவித்தனர். ஆஸ்திரேலியாவில் பியூட்டிரேட் ஏற்றிய மாவை நாளுக்கு 40 கிராம் வீதம் தந்த சோதனையில், சிவப்பு இறைச்சி மிகுந்த உணவால் மலக்குடல் செல்களின் மரபணுப் பொருளில் உண்டாகும் ஒரு வகைச் சேதக்குறி பெருகாமல் தடுக்கப்பட்டது.

உணவுமுறையையே மாற்றும்போது விளைவு எவ்வளவு விரைவானது என்பதை, ஸ்டீபன் ஓகீஃப் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட மாற்றுணவு ஆய்வு காட்டியது. பிட்ஸ்பர்க் நகரின் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டனர். முன்னவரின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 ஆக உயர, பின்னவருடையது 66இலிருந்து 12 ஆகச் சரிந்தது. பதினான்கு நாளில் அமெரிக்கர் குடலில் பியூட்டிரேட் ஏறக்குறைய இரண்டரை மடங்காயிற்று. ஆப்பிரிக்கர் குடலில் பாதியாயிற்று. குடற்சுவரின் அழற்சிக் குறிகளும் அதற்கேற்ப எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன.

ஆனால் மூலப்பொருளை அனுப்பும் வழியும் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. பெருங்குடல் புற்றுக்கு வழிவிடும் லின்ச் நோய்க்குறி என்ற மரபுப் பழுதுள்ள ஏறக்குறைய 1,000 பேரில் சுமார் பாதிப் பேருக்கு நாளுக்கு 30 கிராம் செரியா மாவையும் மற்றவர்களுக்கு மருந்துப்போலியையும் சராசரியாக இரண்டு ஆண்டுகள் கொடுத்து, நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. எதிர்பார்த்த பெருங்குடல் புற்று குறையவில்லை. பிற உறுப்புகளின் புற்று, அதிலும் உணவுப் பாதையின் மேற்பகுதியில் வருபவை, பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தன. குடலுக்கு அனுப்பிய பொருள் குடலில் தோற்று வேறிடத்தில் வென்றதற்கான விளக்கம் இன்னும் ஆய்வில் இருக்கிறது.

ஆறிய சோறும் அதே தராசும்

செரியா மாவு கடையில் மட்டும் கிடைக்கும் பொருளன்று. பயறுகளிலும் பருப்புகளிலும் வாழைக்காயிலும் அது இயல்பாக இருக்கிறது. வெந்து குழைந்த மாவுச்சத்து ஆறும்போது அதன் சங்கிலிகள் மீண்டும் நெருங்கி இறுகுவதாலும் அது உருவாகிறது. இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட அளவீட்டில், சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த செரியா மாவு, அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியபின் 1.30 ஆகவும், குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைத்து மீண்டும் சூடாக்கியபின் 1.65 ஆகவும் கூடியிருந்தது.

பழைய சோற்றைப் புகழ்வோர் இந்த இருமடங்கை எடுத்துக்காட்டுவது இயல்பே. எனினும் கேப்சூலை நிறுத்த அதே தராசில் சோற்றையும் நிறுத்தாக வேண்டும். 300 கிராம் ஆறிய சோற்றில் செரியா மாவு ஏறக்குறைய 4 கிராம். சோதனைகளில் தரப்பட்டதோ 30, 40 கிராம். ஆகவே பழைய சோறு தனித்து ஒரு மருந்தாக நிற்பதில்லை. அதனுடன் சுண்டல், கீரை, வாழைக்காய், சிறுதானியம் ஆகியவை நாள்தோறும் சேரும்போதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்ற அளவு எட்டக்கூடியதாகிறது. அந்தக் கலவையில் ஒவ்வொரு நாரும் குறுக்கூட்டச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிக்கு உணவாகிறது.

இந்த மாற்றமும் படிப்படியாக வர வேண்டும். நாரைத் திடீரெனக் கூட்டினால், அமிலத்தோடு பிறக்கும் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வயிற்று உப்புசத்தையும் வலியையும் தரும்; எரிச்சல் குடல் நோயுள்ளவர்களுக்கு எளிதில் நொதிக்கும் சில நார்களைக் குறைக்குமாறே மருத்துவர்கள் சொல்வதுண்டு. அழற்சி முற்றிய குடலும், சுருங்கிய குடலும் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டியவை.

கேப்சூல் வாங்க நினைப்பவர் அதன் மேலட்டையில் பொதுவாகக் காண்பது எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை மட்டுமே. இதுவரை கண்ட சான்றுகளின்படி, அந்த எண்ணைவிட முதன்மையான கேள்விகள் இரண்டு: அந்த அமிலம் குடலின் எந்த இடத்தில் விடுபடுகிறது, அதை மனிதரில் அளந்து காட்டியிருக்கிறார்களா. இவ்விரண்டுக்கும் விடை அட்டையில் இல்லாதபோது, அதே பணத்துக்கு வாங்கும் ஒரு கிலோ கொண்டைக்கடலையின் நாரும் மாவும் பெருங்குடலைச் சென்று சேரும் என்பதில் ஐயமில்லை. அங்கே அதை அமிலமாக்கும் தொழிலாளிகளும் ஏற்கெனவே குடியிருக்கின்றனர்.